தாய் வீட்டைப் பார்க்கிற யானை

அத்தியாயம் 17

கே.ஜி.கண்டிகை டீக்கடையில் ஒரு மனுஷன் எவ்வளவு பெருமை பேசலாம் என்பதற்கு ஒரு வரைமுறை இருக்கிறது. ஆதிகேசவன் அதைத் தாண்டி மூன்று மாதம் ஆகிறது.

வேர்க்கடலை விலை பேச வந்த வியாபாரியைக்கூட அவர் சும்மா விடுவதில்லை. "கடலை எங்க ஓடிப்போவுது? மொதல்ல எங்க மருமவ செஞ்சுகினு இருக்கிற யானையப் பாருங்க" என்று கையைப் பிடித்துக் களத்துக்கு இழுத்துப் போய்விடுவார்.

களத்து ஓரத் தகரக் கொட்டகையில் அது நிற்கும். இரும்புத் தகடும், டிராக்டர் கலப்பையின் பழைய வட்டத் தட்டுகளும், லாரியின் வில்பட்டைகளும் வளைந்து ஒட்டி, ஆள் உயரத்துக்கும் மேலே எழும்பிய ஒரு பெரிய உருவம். ஒரு பக்கம் கனத்து உருண்டிருக்கும். மறுபக்கம் போகப் போக ஒல்லியாகி, சட்டென்று ஒரு வளைவு வளைந்து, நுனியில் வட்டமாக ஒரு ஓட்டையோடு முடியும். கால் இல்லை, காது இல்லை, தந்தம் இல்லை. வெள்ளை யானை என்று பேர், வெள்ளை பெயின்ட்கூட இல்லை.

"இது ஐராவதம்ங்க. தேவலோகத்து யானை" என்று ஆரம்பிப்பார் ஆதிகேசவன். "இந்தாண்ட உருண்டையா கீதே, அதான் தலை. அந்தாண்ட ஒல்லியா போவுதே, அது வாலு."

"துதிக்கை எங்கங்க?"

"மாடர்ன் ஆர்ட்டுல எல்லாத்தையும் அவங்களே செஞ்சு குடுத்துட்டா நமக்கு இன்னா வேலை? துதிக்கைய நாமதான் நெனச்சிக்கணும்."

கொட்டகைக்குள் மருமகள் கவிப்பிரியா கண்ணாடி போட்டுக்கொண்டு இரும்பைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கிரைண்டர் போடுகிற சத்தத்தில் மாமனார் சொல்வதில் ஒரு வார்த்தைகூட அவள் காதில் விழாது. அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதும், வந்தவர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பதும் மட்டும் தெரியும். ஊரில் ஒருத்தருக்காவது நம்ம வேலை புரிந்திருக்கிறதே என்று அவள் மனசு நிறைந்து போகும்.

கிரைண்டரை ஒரு நாள் நிறுத்திக் கேட்டிருந்தால் இன்றைய கூத்து நடந்திருக்காது.

* * *

மூன்று மாதத்துக்கு முன்னால் சங்கக் கூட்டத்தில் நடந்தது மறந்திருக்காது. திருத்தணிக்கு வெளியே, பொதட்டூர்பேட்டை ரோடு வந்து சேர்கிற பைபாஸ் திருப்பத்தில் ஒரு சிலை வைக்க வியாபாரிகள் சங்கம் முடிவு செய்தது. சங்கத் தலைவர் ஹார்டுவேர் கடை குமரேசன், கவிப்பிரியா வரைந்து கொடுத்த படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இது யானையா, கவுந்து போன மாட்டு வண்டியாம்மா?" என்று கேட்டார். கூட்டமே சிரித்தது.

ஆதிகேசவன் எழுந்தார். "வேல நட்டு வெச்சு முருகான்னு கும்புடறோமே, அந்த வேலுல கண்ணு தெரியுதா, மூக்கு தெரியுதா? ஆனா முருகன் தெரியறாரா இல்லியா? அப்படிப்பட்ட ஊருல யானைக்குக் காது இல்லன்னு கேக்க வெக்கமா இல்ல?"

அந்த ஒரு கேள்வியில்தான் சிலை தேறியது. தலைவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் மனசில் வைத்துக்கொண்டார்.

இன்னொன்றும் ஞாபகம் வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஆதிகேசவனின் மகன் சக்திவேலும் சென்னையில் சிற்பம் படித்த கவிப்பிரியாவும் தாங்களே பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். பெண்ணின் அப்பா வெங்கடேசன் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவர். சமாதானம் பேசலாம் என்று ஆதிகேசவன் தாம்பூலத் தட்டோடு அவர் வாசலில் போய் நின்றார்.

வெங்கடேசன் தறியை நிறுத்தவில்லை. தலையைத் திருப்பவும் இல்லை. "சம்மந்தி" என்று ஆதிகேசவன் கூப்பிட்டது தறிச் சத்தத்தில் அமுங்கிப் போனது. தெருவே வேடிக்கை பார்க்க, போன தட்டு போன மாதிரியே திரும்பி வந்தது.

"இனிமே அந்த ஆள என் வாயால சம்மந்தின்னு கூப்பிட்டா நான் மனுஷனே இல்ல" என்று அன்று பஸ்ஸில் வரும்போது சொன்னவர், இன்றுவரை கூப்பிடவில்லை. கவிப்பிரியாவும் அப்பா பேச்சை இந்த வீட்டில் எடுத்ததில்லை.

* * *

இன்றைக்கு விடிந்ததிலிருந்தே ஆதிகேசவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விசேஷத்துக்கென்று எடுத்து வைத்த சில்க் ஜிப்பாவைப் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு எறக்கி வெக்கறதுதான? நாளைக்குத்தான தெறப்பு? அதுக்குள்ள எதுக்கு மாப்பிள்ளக் கோலம்?" என்றாள் மனைவி தமிழ்செல்வி.

"கேக்கறவங்களுக்கு யானையப் பத்தி சொல்லணும்ல."

"ஆங், சொல்லுங்க, சொல்லுங்க."

"சாங்காலம் மூடி வெக்க தார்ப்பாய் ஒண்ணு வாங்கணும். ஞாபகப்படுத்து."

"தார்ப்பாய் எல்லாம் வேணாம். துணி வருது."

"எங்கேர்ந்து?"

"வர்ற எடத்துலேர்ந்து வருது. நீங்க சட்டினி ஊத்திக்கோங்க."

முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்திய மனுஷன். இந்தக் குரலில் பேசினால் மேலே கேட்கக் கூடாது என்று தெரியும். சட்டினி ஊற்றிக்கொண்டார்.

அரக்கோணத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நஜீர் அகமதுதான் இந்த மூன்று மாதமும் கவிப்பிரியாவுக்கு இரும்பு வளைத்துக் கொடுத்தவர். அவர் பிடித்து வந்த லாரியில் யானை பைபாஸுக்கு வந்து சேர்ந்தது. சிமென்ட் மேடை தயாராக இருந்தது. போல்ட்டும் தயாராக இருந்தது. போல்ட்டுக்குப் போடும் நட்டுதான் அளவு தப்பு.

"கிரேன் மதியம்தான வரும்? ஒரு எட்டு பட்டறைக்குப் போய் எடுத்துகினு வந்துடலாம்மா" என்றார் நஜீர்.

"மாமா, இங்கயே இருங்க. நான் வந்துதான் எறக்கணும்" என்று சொல்லிவிட்டு கவிப்பிரியா அவர் பைக்கில் ஏறிப் போனாள்.

போன கையோடு, மதியம் வரவேண்டிய கிரேன் வந்து நின்றது.

ஓட்டி வந்தவன் நவீன்குமார் என்று ஒரு இளைஞன். இறங்கவே இல்லை. "பெருசு, இன்னொரு எடத்துல வேலை தள்ளிப்போச்சு, அதான் மொதல்லயே வந்துட்டேன். மதியத்துக்கு மேல மணவூர்ல தண்ணி டேங்க் ஏத்தணும். இப்ப எறக்கினா உண்டு, இல்லன்னா கிருத்திகை முடிஞ்சுதான்."

இந்த வாரக் கடைசியில் ஆடிக் கிருத்திகை. காவடி எடுத்து வருகிற ஜனமெல்லாம் இந்தத் திருப்பத்தில் யானையைப் பார்க்க வேண்டும் என்றுதான் மூன்று மாதமாக ராப்பகல் பாராமல் வேலை நடந்தது. ஆதிகேசவன் மருமகளுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பைக்கில் போகிறவளுக்கு எப்படிக் கேட்கும்?

அதற்குள் கிரேன் சங்கிலியை மாட்டி யானையைத் தூக்கிவிட்டது. பைபாஸ் கடைக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். குமரேசனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"மூஞ்சி எது, முதுகு எது? எந்தப் பக்கம் பாத்து வெக்கணும்?" என்று மேலே இருந்து கத்தினான் நவீன்குமார்.

ஆதிகேசவன் யானையை அண்ணாந்து பார்த்தார். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கவிப்பிரியா சொன்னதே இல்லை. இவரும் கேட்டதே இல்லை.

"இன்னா கேசவா? மூணு மாசமா ஊருக்கே பாடம் எடுத்தியே! இப்ப தலை எதுன்னு ஒனக்கே தெரியலையா?" என்றார் குமரேசன். சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

சுருக்கென்றது. "தெரியாம இன்னா? உருண்டையா கீதே, அதான் தலை!"

"அப்ப அது மலைப் பக்கம் இருக்கணும். சாமியப் பாக்கணும். மலைக்கு முதுகு காட்டற மாதிரி எதுவும் எங்க சங்கத்து எடத்துல நிக்கக் கூடாது."

"அப்படித்தான். மலையப் பாத்துதான்" என்று கையை உயர்த்திக் காட்டினார் ஆதிகேசவன்.

கனத்த பக்கம் மலைக்கு நேராகவும், ஒல்லியான பக்கம் பொதட்டூர்பேட்டை ரோட்டுக்கு நேராகவும் யானை மேடையில் இறங்கி உட்கார்ந்தது. குமரேசன் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். நவீன்குமார் எதிர்ப்பக்கத்து ஓட்டலுக்குப் பரோட்டா சாப்பிடப் போனான்.

ஆதிகேசவன் ஜிப்பாவை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு மருமகள் வருகிற ரோட்டையே எட்டி எட்டிப் பார்த்தார்.

* * *

கவிப்பிரியா பைக்கிலிருந்து இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டாள். கையில் நட்டுப் பை.

யானையைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். எதிரே போகிற ரோட்டைப் பார்த்தாள்.

தொலைந்தது என்று நினைத்தார் ஆதிகேசவன். "இல்லம்மா, கிரேன்காரன் அவசரப்பட்டான். நீ போன் எடுக்கல..."

"மாமா!" ஓடி வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். "நான் ஒரு வார்த்த சொல்லலையே! எப்படி மாமா இவ்ளோ கரெக்டா வெச்சீங்க?"

ஆதிகேசவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பாராட்டு வந்து வாசலில் நிற்கும்போது யார் கதவைச் சாத்துவார்கள்? "பின்ன? ஒன் மாமனாராச்சே நானு" என்றார்.

"எல்லாருக்கும் வெளக்கி வெளக்கிச் சொல்லணுமேன்னு பயந்துகினே வந்தேன். நீங்க சொல்லாமலே புரிஞ்சிக்கினீங்க. எங்கூட படிச்சவங்களுக்கே இது புரியல மாமா. இங்க வாங்க, இதுல பாருங்க."

ஒல்லியான பக்கத்து நுனியில் இருந்த வட்ட ஓட்டைக்கு நேரே அவரை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள். குனிந்து பார்த்தார். ஓட்டைக்குள் வேறு எதுவும் தெரியவில்லை. கடை தெரியவில்லை, போர்டு தெரியவில்லை. பொதட்டூர்பேட்டை ரோடு மட்டும் நேராக, நீளமாகத் தெரிந்தது. தூரத்தில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

"மேல மலையில சன்னதிக்கு முன்னாடி ஒரு யானை நிக்குதே மாமா, அது மாதிரியே. ஒடம்பு இங்கதான் கீது. கழுத்து மட்டும் திரும்பிகினு..." குரல் இறங்கியது. "எங்க நைனா ஊரு ரோடு."

நாலு வருஷத்தில் முதல் தடவையாக அப்பாவைச் சொல்கிற அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து அவர் முன்னால் வந்தது.

ஆதிகேசவன் நிமிரவே இல்லை. வால் என்று மூன்று மாதமாக ஊருக்கெல்லாம் காட்டியது வால் இல்லை. அது திரும்பிப் பார்க்கிற முகம்.

முதலில் வலித்தது. மறைப்பானேன்? என் வீட்டில் இவளுக்கு என்ன குறை வைத்தேன், இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று ஒரு கணம் சுள்ளென்று இருந்தது. பிறகு தமிழ்செல்வி ஞாபகம் வந்தது. அவள் பிறந்த ஊர் நகரி. இந்த வீட்டின் சாவிக்கொத்தே அவள் இடுப்பில்தான் இருக்கிறது. ஆனாலும் இன்றுவரை நகரி பஸ் ஹாரன் அடித்தால் அடுப்படியிலிருந்து ஒரு தரம் எட்டிப் பார்க்காமல் இருந்ததில்லை. குறை இருந்தா பார்க்கிறாள்?

மலை யானையையும் அவர் பார்க்காதவரா? சின்ன வயசிலிருந்து கிருத்திகைக்குக் கிருத்திகை ஏறுகிறவர். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதோடு சரி. அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியும். ஏன் பார்க்கிறது என்ற கதையும் தெரியும். ஆனால் இப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

* * *

"இன்னாம்மா சொன்ன? முகம்னா சொன்ன?"

பின்னால் குமரேசன் நின்றுகொண்டிருந்தார்.

"ஆமாங்க. இதான் முகம்" என்றாள் கவிப்பிரியா, சந்தோஷம் இன்னும் முகத்தில் இருக்க.

"அப்ப மலைப் பக்கம் இருக்கறது?"

"அது பின்பக்கம்ங்க."

குமரேசனுக்கு முகம் சிவந்தது. "கேசவா! அத தலைன்னு சொல்லித்தானய்யா எங்கிட்ட சரின்னு வாங்கின? சாமிக்கு நேரா யானையோட பின்பக்கத்த வெச்சிருக்க! தெரிஞ்சே ஏமாத்தினியா? டேய், அந்தக் கிரேன் பையனக் கூப்பிடுங்கடா. திருப்பி வெக்கணும். இல்லன்னா எடுத்துகினு போங்க!"

பரோட்டாவில் கை வைத்திருந்த நவீன்குமாரை யாரோ போய்க் கூப்பிட்டார்கள். கூட்டம் கூடிவிட்டது. தூக்குச் சட்டியோடு மதியச் சாப்பாடு கொண்டுவந்த தமிழ்செல்வியும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

கவிப்பிரியா வெளுத்துப் போனாள். "திருப்பக் கூடாதுங்க. திருப்பினா இதுல ஒண்ணுமே இல்ல. வெறும் இரும்பு" என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அவள் மாமனாரைத்தான் பார்த்தாள்.

எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

ஆதிகேசவனுக்கு ஒரு நொடியில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தேதான் வைத்தேன் என்று சொன்னால், புரிந்துகொண்ட ஒரே மனுஷன் என்று மருமகள் கொடுத்த பட்டம் நிலைக்கும். ஆனால் ஏமாற்றி வைத்த சிலை என்று சொல்லியே குமரேசன் அதைப் பிடுங்கிப் போட்டுவிடுவார். தெரியாமல் வைத்தேன் என்று சொன்னால் சிலைக்காக வாதாடலாம். மூன்று மாதப் பெருமை முச்சந்தியில் சிரிப்பாய்ச் சிரிக்கும். மருமகள் முகத்தில் இருக்கிற அந்த வெளிச்சமும் போய்விடும்.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தலைவரே, நான் ஏமாத்தல. எனக்கே தெரியாது."

"இன்னாது?"

"மூணு மாசமா நான் தலை தலைன்னு காட்டினது பின்பக்கம். வாலுன்னு சொன்னதுதான் முகம். இந்தப் பொண்ணு இப்ப சொல்லித்தான் எனக்கே தெரியும்."

பூக்கடை ரத்தினம்மாள்தான் ஆரம்பித்தாள். "அடப்பாவி மனுஷா! அப்ப எங்க எல்லாரையும் கூட்டிகினு போயி யானையோட பின்பக்கத்தக் காட்டித்தான் கன்னத்துல போட்டுக்கச் சொன்னியா?"

பைபாஸ் ரோடே சிரித்தது. ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள், பரோட்டா மாஸ்டர் சிரித்தார், நஜீர் அகமது முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஆதிகேசவன் சில்க் ஜிப்பாவோடு நடுவில் நின்றார். கவிப்பிரியாவைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"சிரிச்சாச்சா? இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். தலைவரே, போன கிருத்திகைக்கு மலைக்குப் போனீங்களா?"

"போவாம இருப்பேனா?"

"சன்னதிக்கு முன்னாடி யானை கீதே, தொட்டுக் கும்புட்டீங்களா?"

"கும்புட்டேன். அதுக்கு இன்னா இப்ப?"

"அது எந்தப் பக்கம் பாத்துகினு கீது?"

குமரேசன் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வெளியப் பாத்துகினு கீது!" ரத்தினம்மாள்தான் மறுபடியும். "சாமிக்கு முதுகு காட்டிகினுதான் நிக்குது!"

"ஏன் நிக்குது? தெய்வானைய கட்டிக் குடுக்கும்போது இந்திரன் சீரா குடுத்த யானை அது. வந்த எடத்துல அதுக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா அது போனதும் இந்திரன் வூடு வெளிச்சமில்லாம போச்சு. சரி, அந்தப் பக்கம் பாத்து நில்லுன்னு திருப்பி வெச்சது யாரு? நம்ம சாமி! எனக்கு முதுகு காட்டினா காட்டு, தாய் வூட்டப் பாருன்னு அவரே சொல்லிட்டாரு. அவருக்கு வராத கோவம் ஒங்களுக்கு எதுக்கு வருது? அவரு கோவம் தணிஞ்சு உக்காந்த ஊரு இது!"

ஆதிகேசவனுக்கு மூச்சு வாங்கியது. விடவில்லை.

"நான் படிக்காதவன் இல்ல, கிருத்திகை தப்பாம மலை ஏறினவன். எனக்கே புரியல. நேத்து வந்த பொண்ணு, இந்த ஊரு சாமியையும் புரிஞ்சிகினு, இந்த ஊருக்கு வாழ வந்த அத்தன பொம்பளைங்க மனசையும் புரிஞ்சிகினு, காது மூக்கு இல்லாம இரும்புல செஞ்சு நிறுத்திக்கீறா. மலைமேல அந்த யானை செஞ்சா பக்தி, பைபாஸ்ல என் மருமவ யானை செஞ்சா பாவமா?"

கூட்டத்தில் இருந்த பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ரத்தினம்மாள் கூடையிலிருந்து ஒரு முழம் கதம்பத்தைக் கிள்ளி மேடைமேல் வைத்தாள். "திருப்பற கைய ஒடிச்சுடுவேன்" என்று பொதுவாகச் சொன்னாள்.

குமரேசன் மெதுவாக நடந்து போய் ஓட்டைக்கு நேரே குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் வீட்டம்மாவும் எங்கிருந்தோ வாழ வந்தவள்தானே.

"ரோடு நல்லாத்தான் தெரியுது" என்றார் நிமிர்ந்து. "சரி, நிக்கட்டும். ஆனா நாளைக்குத் துணிய எடுத்துத் தெறந்து வெக்கறது நான்தான். சொல்லிட்டேன்."

"தாராளமா" என்றார் ஆதிகேசவன்.

நவீன்குமார் மீதிப் பரோட்டாவுக்குத் திரும்பிப் போனான். நஜீர் நட்டை முடுக்க ஆரம்பித்தார்.

* * *

கூட்டம் கலைந்து, கடைசி நட்டும் முடுக்கி முடித்த சாயங்காலம்தான் கவிப்பிரியா பக்கத்தில் வந்தாள்.

"நெசமாவே தெரியாதா மாமா?"

"தெரியாதும்மா." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தெரியாமலா சங்கத்துல அன்னிக்கு அப்படிச் சண்ட போட்டீங்க?"

"தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லா போட்டிருப்பேன்."

அவள் சிரித்துவிட்டாள். அழுகையும் சேர்ந்து வந்தது. "புரிஞ்சிகினு கூட நிக்கறவங்க எனக்குக் காலேஜ்ல கெடச்சாங்க மாமா. புரியாமலே கூட நின்னவரு நீங்க ஒருத்தர்தான்."

ஆதிகேசவன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் என்றார். வெயில் இறங்கி நேரமாகியிருந்தது.

அப்போதுதான் பொதட்டூர்பேட்டை பஸ் திருப்பத்தில் மெதுவானது. கண்டக்டர் படிக்கட்டிலிருந்து ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்தார். "தமிழ்செல்வி அம்மா யாருங்க? ஒங்களுக்குத்தான்."

தமிழ்செல்வி ஒன்றும் நடக்காத மாதிரி போய் மூட்டையைப் பிரித்தாள். வெள்ளைத் துணி. பல துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, யானை முழுக்க மூடுகிற மாதிரி அகலமாக இருந்தது. ஓரத்தில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு கோடு, அதை ஒட்டி அரக்கு நிறத்தில் ஒரு கோடு.

கவிப்பிரியா அந்த ஓரத்தை விரலால் தடவினாள்.

"இந்த ரெண்டு கோடு... எங்க நைனா மட்டும்தான் இப்படிப் போடுவாரு. எங்க தெருவுல வேற யாரும் போட மாட்டாங்க." துணியை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டாள். புதுத் துணியின் கஞ்சி வாசனை. "அத்தை, அவருக்கு யானை அளவு யாரு குடுத்தது?"

"எனக்கு இன்னா தெரியும்? மூடுங்க, மழ வர்ற மாதிரி கீது" என்றாள் தமிழ்செல்வி. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

நால்வரும் சேர்ந்து துணியைப் போர்த்தினார்கள். ஒரு சாண் குறையவில்லை, ஒரு சாண் மிச்சமில்லை. மயில்கழுத்துக் கோடு மேடையைத் தொட்டுக்கொண்டு சுற்றி வந்தது.

தமிழ்செல்வியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவள், பேசாமல் அதைக் கணவன் கையில் வைத்தாள். திரையில் ‘கவி நைனா’ என்று இருந்தது.

"நீங்களே பேசுங்க. மூணு மாசமா நானே பேசிகினு இருந்தா எப்படி?"

ஆதிகேசவன் மனைவியை முறைத்தார். அவள் மேகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். துணியின் மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்த கவிப்பிரியா இதைக் கவனிக்கவில்லை.

போனைக் காதில் வைத்தார். முதலில் தறிச் சத்தம்தான் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் தட்டோடு நின்றபோது கேட்ட அதே சத்தம். அந்த அவமானம் அப்படியே நெஞ்சுக்கு ஏறியது. கட் பண்ணிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"துணி... பத்துச்சாங்களா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். தமிழ்செல்விதான் பேசுகிறாள் என்ற நினைப்பில் கேட்ட குரல்.

"பத்துச்சு" என்றார் ஆதிகேசவன்.

ஆண் குரல் கேட்டதும் அந்தப் பக்கம் திகைத்தது தெரிந்தது. தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "அந்த யானை... எந்தப் பக்கம் பாத்துகினு கீது?" என்று கேட்டது.

ஆதிகேசவன் போர்த்தி நின்ற யானையைப் பார்த்தார். அதன் பக்கத்தில் நின்ற மருமகளைப் பார்த்தார். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க ஊரு பக்கம்தான் பாக்குது" என்றார். பிறகு, கல்லைப் புரட்டுகிற மாதிரி இருந்தது, ஆனாலும் புரட்டினார். "சம்மந்தி."

தறி நின்றது.

இந்தத் தடவை அந்த வார்த்தை அமுங்கிப் போகவில்லை. அந்தப் பக்கம் ஒரு மனுஷன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

குமரேசனுக்குக் கொடுத்த வாக்கு ஆதிகேசவனுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தும் சொன்னார். "நாளைக்குக் காலையில துணிய எடுக்கணும். நெய்த கையே வந்து எடுத்தாத்தான் எங்க மருமவளுக்குப் பெருமை."

போன் கட் ஆகவில்லை. தறியும் மறுபடி ஓடவில்லை.